கடைசிப் பாட்டில் அப்பாவின் பெயர்

பெப்ரவரி 2, ஞாயிறு

காலையில் தூறல். ஒட்டுசுட்டான் பஸ் முக்கால் மணி நேரம் பிந்தியது. நிரூபனின் பெரியப்பாவுடைய நெல் களஞ்சியத்தில் ஒலிப்பதிவு. அறுவடைக்கு முன் வெறுமையாகக் கிடக்கிறது. கோயிலுக்குள் பாடுவதுபோல முழக்கம்.

எங்கள் நால்வரின் முதல் அல்பம். எட்டில் ஏழு பாட்டு முடிந்தது. நிரூபன் கிற்றார். தாரணி கீபோர்ட்டில் வயலின் கூட்டம். கஜன் ட்ரம்ஸ், கூடவே உறுமல் குரல். நான் மேல்குரல். மெற்றல் இசை என்றால் வெறும் இரைச்சல் என்கிறவர்களுக்கு ஆறாம் பாட்டைப் போட்டுக் காட்ட வேண்டும்.

கடைசிப் பாட்டுக்குக் கூட்டுக்குரல் தேவை. கீபோர்ட் குரல் சரிவரவில்லை, பிளாஸ்ரிக் பூ மாதிரி.

“உங்கட மாதா கோயில் பாடகர் குழுவைக் கேட்டுப் பாரன்,” என்றான் நிரூபன்.

பெரியப்பா வாசலில் வந்து நின்றார். “பிள்ளையள், வாற திங்கள் நெல் வருது. ஞாயிறோட முடிச்சிடுங்கோ.”

ஒரு கிழமைதான், ஏழே நாள்.

பெப்ரவரி 5, புதன்

தொண்டை கரகரப்பு. இஞ்சி, தேன், பேச்சைக் குறைத்தல். மருந்துக்கடையில் வேலைக்கு நிற்பவளுக்கு மூன்றாவது நடக்கிற காரியமா?

பாடகர் குழுவை நடத்தும் பிலோமினா அக்காவின் வீட்டுக்குப் போய், என் போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். கஜன் உறுமியதும் முகம் மாறியது.

“இந்தத் தம்பிக்குத் தொண்டையில ஏதும் வருத்தமோ?”

“இல்லை அக்கா, அது அப்பிடித்தான் பாடுறது.”

“பாவம். பாங்கில வேலை எண்டெல்லே சொன்னனீ?”

ஆனாலும் அக்காவோடு சேர்த்து ஆறு பேர் வருவார்கள்! சைக்கிளை அங்கேயே மறந்துவிட்டு நடந்து வந்தேன்.

பெப்ரவரி 6, வியாழன்

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கடைசிப் பாட்டின் முடிவில் அப்பாவின் பெயரை மூன்று முறை கூப்பிடுகிறேன், ஒவ்வொரு முறையும் இன்னும் மேலே. எனக்கு ஒன்பது வயதில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். குழுவுக்கு நான் கொடுத்த வரிகளைப் பார்த்த பிலோமினா அக்கா சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும். நான் சொல்லியிருக்க வேண்டும்.

“அந்த மனுசன்ர பேரை வைச்சுக் கத்தப் போறியோ?”

“கத்தேல்லை அம்மா. கூப்பிடுறன்.”

“என்னட்டக் கேட்டனியோ?”

கேட்கவில்லை. இரவுச் சாப்பாடு. குழம்பில் உப்பில்லை, நானும் சொல்லவில்லை.

பெப்ரவரி 8, சனி

அம்மா சம்மதிக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன், வெறும் ‘ஆ’ என்று பாடுவேன் என்று நிரூபனிடம் சொன்னேன். “உன்ர அப்பா. நீ சொல்லுறதுதான்.” நல்லவன்.

அம்மாவிடமும் அதையே சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“நாளைக்கு எத்தினை மணிக்கு வான் வெளிக்கிடுது?”

அவ்வளவுதான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

வெயில். தகரக் கூரையில் மழைச் சத்தம் இல்லை, நல்லகாலம். வாடகை வானில் குழுவின் ஆறு பேர், ஏழாவதாக அம்மா. என்னைத் தாண்டிப் போய்ப் பின் சீட்டில் இருந்துகொண்டார். 10.30க்குக் கரண்ட் போய் 11.15க்கு வந்தது.

குழுவையும் என்னையும் ஒன்றாக நிறுத்திப் பதிவு. பெயர் வரும் இடத்தில் ‘ஆ’ என்று மெல்லத் தொடங்கினேன். மூலையில் இருந்த அம்மா கையைத் தூக்கினார்.

“பேரைச் சொல்லு.”

நிரூபன் பதிவை நிறுத்தினான்.

“வள்ளத்தில நிண்டு கரைக்குக் கேக்கக் கதைக்கிற மனுசன். மெல்லக் கூப்பிட்டா அவருக்குக் கேளாது. நல்லாக் கத்து.”

எழுந்து வந்து பிலோமினா அக்காவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மரியதாஸ். மரியதாஸ். மூன்றாவது எப்படி அவ்வளவு மேலே ஏறியதென்று தெரியவில்லை. பின்னால் ஏழு குரலும் அதே பெயர். அம்மா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது இதுதான் முதல் தரம். ஒரே எடுப்பில் முடிந்தது. தாரணி அழுதாள் (மறுக்கிறாள்). கஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் அல்பம் இணையத்தில் ஏறியது. கடையில் இன்று பார்த்துச் சனம். நிரூபன் ஐந்து தரம் போன் எடுத்தான், ஒரு விஷயமும் இல்லை. வவுனியாவிலிருந்து ஒருத்தி எழுதியிருக்கிறாள்: தானும் இப்படிப் பாட வேண்டும், எங்கே பழகலாம்? பதில் எழுத வேண்டும். என்ன எழுதுவது?

மத்தியானம் வீட்டுக்கு எடுத்தேன். பின்னால் பெரிய சத்தம்.

“என்னம்மா, ஸ்பீக்கரிலயோ போட்டிருக்கிறியள்?”

“ஓம். முன்வீட்டு ஆக்களும் வந்திருக்கினம். இப்ப கதைக்கேலாது, பாட்டுப் போகுது. பிறகு எடு.”

வைத்துவிட்டார்.