எட்டுக் குதிரைகளின் இருமல்

உடுவில்
03.02.2025

அன்புள்ள நிவேதனா,

சுகம் விசாரிக்கப் பொறுமையில்லை, ஆத்திரத்தோடு எழுதுகிறேன். காங்கேசன்துறைக் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றி உழைக்கிற துஷாந்தினியின் மூன்று மட்டக்குதிரைகளும் இருமுகின்றன. சவாரிக்கென்று போன மாதம் உன் அண்ணை வாகீசன் வெளிநாட்டிலிருந்து இறக்கிய ஐந்தும் இருமுகின்றன. "உவளின்ரை குதிரையள்தான் வருத்தத்தைப் பரப்பினது" என்று அவர் மனுக் கொடுத்துவிட்டார். மூன்றையும் ஊசி போட்டுக் கொல்லும் பேச்சு நடக்கிறது. மிருக வைத்தியர் என்று நான் ஒருத்தி இருப்பது எவருடைய கண்ணிலும் படவில்லை!

குதிரைக் காய்ச்சல் வைரசில் பல வகை உண்டென்று நீதானே சொல்வாய். ஒவ்வொரு வகையையும் தனித்தனியே இனங்காட்டும் பிறபொருளெதிரிகள் (antibodies) உன் ஆய்வுகூடத்தில் இருக்கின்றன. எட்டின் மூக்குச்சளியும் அனுப்புகிறேன். துஷாந்தினியின் குதிரைகள் குடாநாட்டை விட்டுப் போனதேயில்லை. ஆகவே வெளிநாட்டு வகை என்றால், கொண்டுவந்தது யாரென்று தெரிந்துவிடும். இங்கே மாடுகளுக்கு எழுதுகிற பழக்கத்தில் குழாய்களில் சொந்தக்காரரின் பெயரையே எழுதியிருக்கிறேன்.

உன் சிசிலியா


லண்டன்
17.02.2025

அன்பான சிசிலி,

முடிவு தெளிவாக இல்லையடி. வழியில் சளி பழுதாகியிருக்கலாம். அண்ணைக்கு இது மூன்றாவது தொழில். இதுவும் படுத்தால் அம்மா தாங்கமாட்டா. கூழ் காய்ச்சினால் உன்னைக் கூப்பிடாமல் விடுவாவா? நீயும் எங்கள் வீட்டுப் பிள்ளைதானே, கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகக் கூடாதா?

அன்புடன்,
நிவேதனா


உடுவில்
12.03.2025

நிவேதனா,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாய். "டொக்ரர், என்ரை குதிரையள் செய்த குற்றம் என்ன?" என்று துஷாந்தினி என் முன்னால் நின்று அழுதாள்.

அதனால் எட்டிலும் மறுபடி சளி எடுத்தேன். ஒன்று முதல் எட்டு வரை இலக்கம் மட்டும் எழுதி, கொழும்பிலுள்ள நண்பர் ஒருவரின் பெயரில் உங்கள் ஆய்வுகூடத்துக்கே அனுப்பினேன். அறிக்கை வந்தது. எட்டிலும் இருப்பது உன் அண்ணை குதிரை இறக்கிய நாட்டு லாயங்களில் திரிகிற வகைதான். கீழே உன் கையொப்பம். அண்ணையின் பெயர் இல்லையென்றால் உனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது!

நேற்று அதை விசாரணையில் வைத்தேன். மூன்று குதிரைகளும் தப்பின. உன் அண்ணை எழுந்து போனார். நீ வெட்கப்பட வேண்டும்.

சிசிலியா


லண்டன்
24.03.2025

சிசிலி,

முதல்முறை அண்ணையின் பெயரைக் கண்டதும் பயந்து பொய் எழுதினேன். அது என் பிழை. துஷாந்தினியிடமும் உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் கொழும்பிலிருந்து வந்த இரண்டாம் பெட்டியால் என்னை ஏமாற்றிவிட்டதாக நினைக்காதே. பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். நடுவில் கோடு கீறி நீ எழுதும் ஏழாம் இலக்கத்தைக் கண்டதுமே யாருடைய குதிரைகளென்று எனக்குத் தெரியும். குழாய்களைக் குப்பையில் போட்டிருக்கலாம். போடவில்லை. தெரிந்துதான் கையொப்பமிட்டேன். அன்றைக்கே அண்ணைக்கும் போன் எடுத்துச் சொன்னேன். "இனி நீ எனக்குத் தங்கச்சி இல்லை" என்றார்.

அவர் சொன்னதைத் தாங்கிக்கொண்டேன். என்னிடம் நேரே இன்னொரு முறை கேட்காமல் நீ பொறி வைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. பதில் எழுதாதே.

நிவேதனா