சுவருக்கு ஒரு கை முன்னால்

என் கழுதைத் தங்கச்சிக்கு,

நெற்றித் தையலைப் பிரித்துவிட்டார்கள். தழும்பு தெரிகிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். "முடிய முன்னால இழுத்து விட்டா தெரியாது" என்றாள். அப்படியென்றால் நன்றாகவே தெரிகிறது.

நீ நீச்சல்குளத்துப் பக்கமே வருவதில்லை. உன் இடத்தில் கோச் வேறொருத்தியை நிறுத்தியிருக்கிறார். நல்ல பெண்தான். சுவர் நெருங்கும்போது, பந்து கட்டிய கம்பால் என் தலையில் தட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் எனக்கு அடிபட்ட கதை அவள் காதில் விழுந்திருக்கிறது. பயத்தில் முன்கூட்டியே தட்டிவிடுகிறாள். நான் குட்டிக்கரணம் போட்டுத் திரும்பிக் காலை உதைத்தால் அங்கே சுவர் இல்லை, வெறும் தண்ணீர். "பத்திரமா இருக்கேல்ல, அது போதும்மா" என்கிறார் கோச்.

பத்திரமாகத் தோற்பதற்கா விடியற்காலையில் எழுந்து போகிறேன்?

கண் தெரியாதவள் என்று எல்லாரும் என்னைப் பத்தடி முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். சுவருக்கு ஒரு கை தூரம் வரும்வரை முழு வேகத்தில் போகவிட்டவள் நீ ஒருத்திதான். வாங்கிய பதக்கமெல்லாம் அந்த ஒரு கை தூரத்தில் கிடைத்தவை. ஒரே ஒரு தடவை உன் கம்பைச் சுவர் முந்திக்கொண்டது. அதற்காகக் கம்பைப் போட்டுவிட்டு ஓடுவாயா?

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. தட்ட ஆள் இல்லாவிட்டால் இறங்க விடமாட்டார்கள். "யாரும்மா வர்றா?" என்று கோச் கேட்டார். "என் தங்கச்சி" என்று சொல்லிவிட்டேன்.

கம்பை நான் எடுத்து வருகிறேன். பயந்துபோய்ச் சீக்கிரம் தட்டினாயோ, அப்புறம் என் மூஞ்சியிலேயே முழிக்காதே.

உன் அக்கா