48213ஆம் படத்தில் தூசுத் துகளைக் கண்டவர் பற்றிய பதிவைத் திருத்தக் கோரல்

அனுப்புநர்:
சு. கஜந்தினி (வயது 17),
கடற்கரை ஒழுங்கை,
கொழும்புத்துறை.

பெறுநர்:
பணிப்பாளர்,
கிராமக் கணினி நிலையங்கள் பிரிவு,
யாழ்ப்பாணம்.

விடயம்: நான் கண்ட விண்துகள் இன்னொருவர் பெயரில் பதியப்பட்டமை

மதிப்பிற்குரிய அம்மணி,

1. படத்தின் மேற்பரப்பு மங்கிய பிறகும் ஒரு சிறு வளையம் மட்டும் மங்காமல் நின்றது. நான் முதலில் கண்டது அதைத்தான்.

2. சூரியனுக்கு வெகு அப்பாலிருந்து வரும் தூசை ஒரு விண்கலம் காற்றளவு இலேசான கண்ணாடிப் பாளத்தில் பிடித்து வந்திருக்கிறது. பாளத்தைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, தூசு புகுந்த தடத்தைத் தேடித் தரும்படி ஓர் ஆய்வுகூடம் உலகெங்கும் தன்னார்வலரைக் கேட்டிருக்கிறது. எங்கள் வளர்பிறை கணினி நிலையமும் இதில் சேர்ந்தது. படத்தின் ஆழத்தை மெல்ல இறக்கிப் பார்க்க வேண்டும். கீறல் மேலேயே மறைந்துவிடும். தடம் உள்ளே இறங்கும்.

3. நான் தரம் ஒன்பதுடன் படிப்பை நிறுத்தியவள். விடியலில் அப்பாவின் வலையில் நண்டு கழற்றுகிறேன். கால் முறியாமல் கழற்றப் பொறுமை வேண்டும். அதே பொறுமை இங்கும் உதவியது. எங்கள் கண்ணைச் சோதிக்க இடையிடையே வைக்கப்படும் படங்களில் ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை.

4. விண்ணப்பப் படிவத்தில் 'பாடசாலை' என்ற இடத்தை வெட்கத்தில் வெறுமையாக விட்டேன். அதனால் எனக்குப் பதிவு இலக்கம் தரப்படவில்லை. நிவேதனா என்ற பாடசாலை மாணவிக்கு இலக்கம் இருந்தது. பொறுப்பாளர் திரு. ஜெயதீபன், "பிள்ளை, நிவேதனாவின்ரை இலக்கத்திலை இருந்து பாரும். அவ இப்ப வாறேல்லை. ஆர் பாத்தாலென்ன, வேலை நடந்தாச் சரி" என்றார். தலையாட்டினேன். அது என் பிழை.

5. ஓகஸ்டில் ஆய்வுகூடத்தின் கடிதம் வந்தது. வளையம் இருந்த இடத்தை வெட்டியெடுத்துச் சோதித்ததில் அது விண்மீன்களுக்கிடையே இருந்து வந்த துகளாக இருக்கக்கூடும் என்றும், கண்டவரே அதற்குப் பெயர் சூட்டலாம் என்றும் எழுதியிருந்தார்கள். நிலையத்தில் விழா நடந்தது. நிவேதனாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என்னைக் கதிரை அடுக்கச் சொன்னார்கள். நிலைய வாசலுக்கு இரும்புப் படலை அன்பளித்தவரின் பெயர் துகளுக்கு வைக்கப்பட்டது.

6. நான் கதைத்துப் பழகாதவள். ஆயினும் விழா முடிந்ததும், என் பெயர் ஏன் இல்லை என்று திரு. ஜெயதீபனிடம் கேட்டேன். "பள்ளிக்கூடம் போகாத பிள்ளை கண்டது எண்டு எழுதினா ஆர் நம்புவினம்?" என்றார். மறுநாள் என் கணினிக்கு முன்னால் வேறொருவர் இருந்தார். நிவேதனா மீது எனக்குக் குறை இல்லை. மேடையில் அவர் தலை நிமிரவே இல்லை.

7. தாங்களும் என்னை நம்ப வேண்டியதில்லை. அந்தத் தடம் குறிக்கப்பட்டது மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.20 மணிக்கு. கணினியில் அது பதிந்திருக்கிறது. அந்நேரம் நிவேதனா வகுப்பில் இருந்தார். அவருடைய பாடசாலையின் வரவுப் பதிவேட்டில் அதைக் காணலாம். அவரைத் தவிர அந்த இலக்கம் தரப்பட்டது எனக்கு மட்டுமே. பள்ளிக்கூட நேரத்தில் அந்த இலக்கத்தில் இருந்து பார்க்கக்கூடியவள் நான் ஒருத்திதான்.

8. ஆகவே இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டு, ஆய்வுகூடத்துக்கு உண்மையை அறிவிக்கும்படியும், எனக்கென ஓர் இலக்கம் தந்து மீண்டும் படம் பார்க்க விடும்படியும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நேற்று நிலையத்துக்குப் போய்ப் புதிய படிவம் ஒன்று எடுத்துவந்தேன். 'பாடசாலை' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன்.

திகதி: 2025.09.09
இடம்: கொழும்புத்துறை

இங்ஙனம்,
சு. கஜந்தினி