ஐம்பத்தைந்து முள்ளெலும்புகள்

அன்பு மகளுக்கு,

நீ அங்கே நலம் என்பதை, நீ அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது அடுத்த அறையிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. என் சட்டைக் கறையெல்லாம் இப்போதுதான் தெரிகிறதாம். தம்பி வேலை மாறிவிட்டான். நானும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் ஆய்வகத்தில் நீ மாணவியாக இருந்தபோது, உள்வளைகுடா மீன்களை வேகவைத்து, சதை நீக்கி, முள்ளெலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணினாய். வெளிக்கடலில் அதே மீனுக்கு ஐம்பத்திரண்டு. உன் குறிப்பேட்டில் பெரும்பாலும் ஐம்பத்தைந்து, தலையும் ஒடுக்கம், இது தனிக் கூட்டம் என்று எழுதியிருந்தாய். நடுவே இருப்பது ஒரு மணல்திட்டு, கடலுக்கு ஏது வேலி என்று எல்லோர் முன்பும் கேட்டு, உன் எண்களைச் சிவப்பு மையால் அடித்து, எண்ணத் தெரியாதவளுக்கு ஆய்வு எதற்கு என்றும் சொன்னேன். வாங்க ஐம்பத்தஞ்சு என்று உதவியாளர்கள் உன்னைக் கூப்பிட்டபோது நானும் சிரித்தேன். மறுமாதம் நீ படிப்பையே விட்டுப் போனாய். அந்த மீன்களைச் சேர்க்காமலே கட்டுரை வெளியிட்டேன், பதவி உயர்வும் பெற்றேன். சென்ற வாரம் அந்த மீன்களின் மரபணுச் சோதனை முடிவு வந்தது. அந்த இரு கூட்டங்களும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கலக்கவே இல்லை. எங்கள் நிறுவன இயக்குநரிடம் காட்டினேன். பழைய கதையை எதுக்கு சார் கிளறணும், நாறப்போறது நம்ம பேருதானே என்றார். நாறட்டும், அது என் பேர் மட்டும்தான் என்றேன். அவரை மன்னிப்பதாக இல்லை, என்னையும். நீ காகித உறைகளில் வைத்துப் போன நாற்பது எலும்புக்கூடுகளையும் கதவைச் சாத்திக்கொண்டு நானே எண்ணினேன். முப்பத்தொன்பதில் நீ எழுதியதே சரி. பதினேழாம் மீனில் மட்டும் ஒன்று கூடுதலாக எண்ணியிருக்கிறாய். தவறு என்னுடையது, எண்கள் என் மகளுடையவை என்று ஆய்விதழுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அந்த ஒன்றையும் திருத்தித்தான் அனுப்பினேன். அப்பன் பாசத்தில் எண்ணினான் என்று யாரும் உன்னைக் குறைத்துப் பேசக் கூடாது.

குறிப்பேடு தபாலில் வருகிறது. சிவப்புக் கோடுகளை மறைக்கவில்லை. வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. உன்னை வாழ்த்தும் உரிமை எனக்கு மிச்சமிருந்தால், நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட மறந்துவிடாதே. நான் அடுத்த அறையில்தான் இருப்பேன்.

எண்ணத் தெரியாத,
உன் அப்பா