பின் சக்கரங்கள் பின்னால் போன ஞாயிறு

ஜூலை 3, வியாழன்

பித்தளை கிடைத்துவிட்டது. வொர்க்‌ஷாப்பில் பழைய வால்வு ராடு ஒன்றைக் கழித்துப் போட்டிருந்தார்கள். முதலாளியிடம் கேட்டேன், எடுத்துக்கொள் என்றார். கன்வேயருக்கு டிராயிங் போடுகிறவளுக்கு இது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. லேத்தில் நிற்கும் பிச்சையா அண்ணாச்சிதான் கேட்டார். காலேஜ் பையன் ஒருத்தனுக்கு ப்ராஜெக்ட் என்றேன். போன தடவையும் அதே பையனைத்தான் சொன்னேன். எத்தனை வருஷமாகப் படிக்கிறானோ, பாவம்.

உண்மையில் இது பாறை ஏறுகிற ரிமோட் காருக்கு. முன்னால் ஒரு ஆக்சில், பின்னால் ஒரு ஆக்சில். சக்கரம், மோட்டார், கியர், ரிமோட் தவிர எல்லாம் நானே வரைந்து நானே ராவி எடுத்தவை. சேசிஸ் சட்டம் இரண்டும் மூன்று மில்லி அலுமினியத் தகடு. முப்பத்தேழு வயதுப் பொம்பளை செய்கிற வேலையா இது? எழுதும்போதே காது சுடுகிறது.

ஜூலை 5, சனி

கியர் பார்சல் வந்தது. நான் வேலையில் இருந்ததால் எதிர்வீட்டு இசக்கியம்மாள் அக்கா வாங்கி வைத்திருந்தாள். பெட்டி மேலே கார் படம். யாருக்கு என்று கேட்டாள், கேட்ட கையோடு தண்ணீர் வராததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகப் பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பொம்மைக் கார் வருகிறது. அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாதா?

வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கினது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் விளையாடினால் ஆசை. நான் விளையாடினால் ஏக்கம் என்பார்கள்.

ஜூலை 9, புதன்

ஆக்சில் போட்டோவை ரிமோட் கார்க்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டதும் ஒரே பாராட்டு. எல்லாம் இவருக்கு.

முதலில் என் பெயரில்தான் அந்த குரூப்பில் சேர்ந்தேன். ஒரு சந்தேகம் கேட்டதற்கு, பையனுக்கா சிஸ்டர் என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் தனியாக வந்து, போட்டோ வைக்க மாட்டீங்களா என்றான். அன்றைக்கே வெளியேறினேன். பிறகு இவர் நம்பரில் சேர்ந்தோம். நான் சொல்லச் சொல்ல இவர் டைப் அடிப்பார். என் பெயர் எக்காரணம் கொண்டும் வெளியே வரக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினதும் நான்தான்.

இப்போது சுடலைராஜ் என்ற பெயரே போய், ‘ஆக்சில் அண்ணாச்சி’ ஆகிவிட்டார். க்ளியரிங் ஏஜென்சியில் ஃபைல் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கும் கஸ்டம்ஸுக்கும் அலைகிற மனுஷன். போல்ட்டுக்கும் நட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தோசை சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு பாராட்டாகச் சத்தம்போட்டு வாசித்தார், முகமெல்லாம் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்தவள் சட்னி அரைக்கிறேன், செய்யாதவருக்குச் சிரிப்பு.

நான் கேட்டதைத்தானே செய்கிறார். தெரிகிறது. இருந்தாலும்.

ஜூலை 14, திங்கள்

வருகிற ஞாயிறு ஆலந்தலையில் கூடுகிறார்களாம். கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு என்று பாறையைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அதன்மேல் ஏற்றப் போகிறார்கள். குரூப்பை ஆரம்பித்த முஜாஹித் துபாயிலிருந்து லீவில் காயல்பட்டினம் வந்திருக்கிறார். ஆக்சில் அண்ணாச்சி வந்தே ஆக வேண்டும் என்று வாய்ஸ் மெசேஜ்.

இவர் தயங்கினார். யாராவது ஏதாவது கேட்டால் என்ன சொல்ல என்றார். ஓட்டத்தானே போகிறீர்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்று நான்தான் தள்ளினேன். என் ஆக்சில் கல்லில் ஏறுவதை ஒரு தடவை பார்க்க வேண்டும். சாப்பாடு கொண்டு வருகிற பொண்டாட்டியாக நானும் போகிறேன்.

ஜூலை 19, சனி

மொட்டைமாடியில் கல் அடுக்கி ஓட்டினோம். ஏறியது! இவர் கைக்கு ரிமோட் நன்றாகப் பழகிவிட்டது, அதைச் சொல்ல வேண்டும். பின் ஆக்சிலில் மட்டும் லேசாக ஒரு கரகரப்பு. சாயங்காலம் திறந்து கிரீஸ் மாற்றி மூடினேன். திரும்ப ஓட்டிப் பார்க்கவில்லை, பேட்டரி சார்ஜில் இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது. எழுதினாலும் வராது.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் ஆம்பிளைகள். நான் கொஞ்சம் தள்ளி மணலில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்துகொண்டேன். நம் காரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்படியொரு பெருமை எனக்கு.

இவர் காரை முதல் கல்லுக்கு முன்னால் வைத்து ரிமோட்டை அழுத்தினார். முன் சக்கரம் முன்னால் இழுக்கிறது, பின் சக்கரம் பின்னால் இழுக்கிறது. சந்தைக்கு வர மாட்டேன் என்கிற ஆடு மாதிரி கார் நின்ற இடத்திலேயே உதறுகிறது.

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆக்சிலுக்குள் பினியன் என்று ஒரு சின்னப் பல்சக்கரம், அது சுற்றிவிடுகிற கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரம். முன்னால் அது இடப்பக்கம் இருந்தால் பின்னால் வலப்பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின் சக்கரம் தலைகீழாகச் சுற்றும். கடையில் வாங்கும் ஆக்சிலில் அதை மாற்றி மாட்டவே முடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே டிராயிங் போதும் என்று என் கெட்டிக்காரத்தனத்தில் இரண்டு பக்கமும் மாட்டும்படி வரைந்தவள் நான். நேற்று கிரீஸ் போட்டு மாற்றி மாட்டியவளும் நான்.

முஜாஹித் தன்மையாகத்தான் சொன்னார். “அண்ணாச்சி, பின்னால கிரவுன் பக்கம் மாறிக் கெடக்கு. தொறந்து திருப்பிப் போட்டா சரியாப் போவும்.” பத்து நிமிஷ வேலைதான். இவருக்கு எதைத் திறக்க வேண்டும் என்றே தெரியவில்லை. யாரோ கொடுத்த ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை ஆலன் போல்ட்டில் வைத்துத் திருகினார். அது பொருந்தவே பொருந்தாது. பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவரும் அதைப் பார்த்தார்கள்.

இவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

அதைத் திறக்கிற ஆலன் கீ என் ஹேண்ட்பேக்கில் இருந்தது. நான் குனிந்து டிபன் கேரியரைத் திறந்து, மூடி, திறந்தேன்.

திருச்செந்தூர்க்காரர் செந்தூர்வேல் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார், “எவன்ட்டயோ துட்டு குடுத்துச் செஞ்சிட்டு நம்மகிட்ட கத விடுதாரு.” மெதுவாகத்தான் சொன்னார். எனக்கே கேட்டது, இவருக்குக் கேட்காமலா இருக்கும்? பேட்டரி போய்விட்டது போல என்று சொல்லி இவர் காரைத் துண்டில் சுற்றினார். பேட்டரி போனால் சக்கரம் எப்படிச் சுற்றும்? ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து காரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழக்கமாக ஆறுமுகநேரியில் டீ குடிக்க நிறுத்துவார். நிறுத்தவில்லை.

ஜூலை 21, திங்கள்

திறந்து பார்த்தேன். பின் கிரவுனும் இடப்பக்கம்தான் இருக்கிறது.

ஜூலை 23, புதன்

பேசுகிறார். சோறு போதும், கரண்ட் பில் கட்டியாச்சு, இந்த அளவுக்கு. குரூப்பில் ஆக்சில் அண்ணாச்சி என்று யாரும் கூப்பிடவில்லை. இவரும் போனைத் திறப்பதில்லை.

பிச்சையா அண்ணாச்சி அந்தக் காலேஜ் பையன் பாஸாகிவிட்டானா என்று கேட்டார். ஃபெயில் என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தவர் திடீரென்று கேட்டார்.

“நீ எந்திச்சு வந்திருக்கலாம்லா?”

அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் பொண்டாட்டி வந்து ரிப்பேர் பார்த்தால் உங்களுக்குத்தானே அசிங்கம், அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன் என்றேன். நாலு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த பதில். நன்றாகத்தான் வந்தது.

“எனக்கென்னத்துக்கு அசிங்கம்? எங்க ஆபீஸ்ல எல்லாவனுக்கும் தெரியும், இதெல்லாம் நீ செய்யதுன்னு. நாந்தான் போட்டோ காட்டுனேன். குரூப்புல மட்டும் ஒன் சத்தியத்துக்காவ வாய மூடிட்டுக் கெடந்தேன். அசிங்கம் ஒனக்குத்தாம்ளா. அத என் தலையில ஏத்திவிட்டுட்டு நீ டிபன் கேரியரப் பாத்துட்டு இருக்க.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அசந்துபோன குரல்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. பிள்ளை இல்லாதவள் பொம்மையோடு கிடக்கிறாள் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்ற பயம் எனக்குத்தான். அதற்கு இவரை முன்னால் நிறுத்தினேன், கல்லும் இவர் மேல் விழுந்தது.

அந்தப் பாராட்டுகளை ஏன் சத்தம்போட்டு வாசித்தார் என்று இப்போது புரிகிறது. எனக்குக் கேட்கட்டும் என்று வாசித்திருக்கிறார். சிரித்தது எனக்காக. நானோ சட்னி அரைத்துக்கொண்டே மனதுக்குள் இவரைத் திட்டியிருக்கிறேன். சீ, என்ன பொம்பளை நான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா லீவு. தெருவே பீச் ரோடு பக்கம் போயிருக்கிறது. கிரவுனைத் திருப்பி மாட்டி மாடியில் ஓட்டினேன், தனியாக. ஏறுகிறது. இவர் மாடிக்கு வரவில்லை. கீழே டிவி சத்தம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அடுத்த ஞாயிறு மறுபடியும் ஆலந்தலை என்று முஜாஹித் போட்டிருக்கிறார். அதோடு அவர் லீவு முடிகிறது. நான் போகலாமா என்று கேட்டேன். நாம் போகலாமா என்று கேட்கவில்லை, நான் போகலாமா என்று கேட்டேன். இவர் சட்டைக்கு பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். “வண்டில கொண்டுவிடுதேன்” என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காற்று கண்ணில் மணலை அள்ளிப் போட்டது. கார்ப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன், சாப்பாட்டுப் பையை இவர். அத்தனை பேரும் எங்களைப் பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்தார்கள். திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பெட்டியைக் கீழே வைத்தேன். “போன தடவ கிரவுன மாத்திப் போட்டது நாந்தான், இவிய இல்ல. இந்த ஆக்சில், சேசிஸ் எல்லாம் நான் செஞ்சது.” காற்றுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கத்திவிட்டேன் போலிருக்கிறது. ஒருத்தர் சிரித்தார். அது எந்தச் சிரிப்பு என்று இன்னும் தெரியவில்லை.

முஜாஹித் குனிந்து ஆக்சிலைப் பார்த்து, அதன் வெளிக்கூடு, ஹவுசிங், எதில் செய்தது என்று கேட்டார். பித்தளை என்றேன், இவர் முகத்தைப் பார்த்து. எடை கீழேயே இருக்கட்டும் என்றா என்று அடுத்த கேள்வி. ஆமாம் என்றேன், அதையும் இவரிடம்தான். கேட்கிறவர் ஒரு பக்கம், நான் பார்க்கிற பக்கம் வேறு. எனக்கே தெரிகிறது, தலையைத் திருப்பத்தான் முடியவில்லை.

இவருக்கும் அது தெரிந்துவிட்டது. காலை நனைத்துவிட்டு வருகிறேன் என்று சாப்பாட்டுப் பையை ஒரு பாறையில் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் இறங்கிப் போனார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

செந்தூர்வேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, கிரவுனுக்கு எத்தனை பல் என்று கேட்டார். பார்க்க வேறு முகம் இல்லை. முப்பது, பினியன் எட்டு என்று அவரைப் பார்த்தே சொன்னேன்.