இடது பின்மூலையின் எடை

ஏற்காடு, 7-4-1986

ஏழு மணிக்கு எழுந்தேன். மகள் ஞானசுந்தரி இட்டிலி வைத்தாள். மூன்று உண்டேன். சுவை தெரியவில்லை என்று எழுதினால் பொய்யாகும். தெரிந்தது. அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவே.

ஓமலூர்க் கூட்டத்தில் பேச அழைப்பு மடல் வந்தது. இரண்டு திங்களில் இது ஆறாவது. உடல்நலமின்மை என்று காரணம் காட்டி மறுத்தெழுதினேன். உடலுக்கு ஒன்றுமில்லை.

9-4

மழை. எதையும் படிக்கவில்லை.

12-4, காரிக்கிழமை

துவைக்க எடுத்த என் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை மகள் கண்டெடுத்தாள். பிரிக்காமல் மேசைமேல் வைத்து, மேலே மைக்கூட்டை ஏற்றிவிட்டுப் போனாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எழுதியே தீர்த்துவிடுகிறேன். மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது கைக்கு வரும் துண்டுச் சீட்டில் "முடிக்கவும்" என்றுதான் இருக்கும். இருபத்தாறு ஆண்டுகளில் ஒன்றையும் நான் பிரித்ததில்லை. பார்க்காமலே மடித்துப் பையில் இடுவேன். கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டலுக்காகவே சில ஊர்களில் சீட்டு வரட்டும் என்று காத்திருந்ததும் உண்டு. பிப்ரவரி பதினொன்றில், தருமபுரியில், இந்தச் சீட்டையும் அப்படியே செய்தேன். அதன்பின் நாற்பது மணித்துளி பேசினேன். சேலம் மருத்துவமனையை அடைந்தபோது என் மனைவி வெள்ளையம்மாளின் முகத்தை மூடியிருந்தார்கள்.

"அரை மணி நேரந்தானுங்க ஆவுது," என்றார் செவிலி.

அரை மணி நேரம்.

20-4

ஞானசுந்தரி என்னை ஏரிக்கு இழுத்துச் சென்றாள். "ஊட்டுக்குள்ளயே உக்காந்து செவுத்தப் பாத்துட்டு இருக்கறதுக்கு, அங்க வந்து தண்ணியப் பாருங்கப்பா."

கோடை விழாவில் அவள் ஒரு வித்தை காட்டப் போகிறாள். விசைப்படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துப் பலகைமேல் எழுந்து நிற்பாள். பிறகு கயிற்றை விட்டுவிடுவாள். படகு எழுப்பும் அலையே அவளைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். சென்ற ஆண்டு எஸ்டேட்டுக்கு வந்த வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் கற்றுத்தந்து, பலகையையும் விட்டுச் சென்றாராம். படகும் அந்த எஸ்டேட்டுடையதே. ஓட்டுபவர் கிறிஸ்துதாஸ்.

இப்போதைக்கு அலை அவள் முழங்கால் உயரம்கூட எழவில்லை. "பொண்ணு அலமேல நிக்கோணும்னா படகு நொண்டோணுமுங்க," என்றார் கிறிஸ்துதாஸ். விளங்கவில்லை என்றேன். "எடது பின்மூலையில பாரத்த ஏத்துனா படகு அந்தப் பக்கமாச் சாஞ்சு போவுமுங்க. சாயற பக்கந்தான் அல எந்திரிக்கும். ஏனுங்கய்யா, மேடையில நிமுந்து நின்னே பழகுனவருக்கு இது எப்பிடிப் புரியும்?"

சிரிக்கவேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தேன்.

24-4

பீப்பாயில் நீர் நிரப்பி வைத்தார்கள். திருப்பத்தில் நீர் ஒருபக்கம் ஓட, பீப்பாய் உருண்டது. லாரிச் சக்கரத்து ரப்பர்க் குழாய்களில் நீரடைத்தார்கள். அவை மீன்போல் வழுக்கின. இறுதியில் உரச்சாக்கில் மணல். இடது பின்மூலையில் நான்கு, வலப்புறம் ஒன்று. முன்புறம் எவரும் அமரக்கூடாது. முன்புறம் கனத்தால் பின்புறம் தூக்கிக்கொள்ளும், அடியில் சுழலும் விசிறி நீர்மட்டத்துக்கு வந்துவிடும் என்கிறார் கிறிஸ்துதாஸ். அவளோ விசிறிக்கு எட்டடி பின்னால் நிற்பவள்.

விரைவும் கூடாதாம். விரைந்தால் அலை படுத்துவிடுகிறது.

28-4

இன்று கயிற்றை விட்டாள். பதினொன்று எண்ணும்வரை நின்றாள். பிறகு விழுந்து, நீருக்குள்ளிருந்து கத்திக்கொண்டே எழுந்தாள்.

மகிழ்ந்தேனா? அறியேன். உள்ளங்கை ஈரமாக இருந்தது. கரையில் நிற்பவன் கை எப்படி ஈரமாகும்?

3-5

விழாக்குழுச் செயலாளர் கோவிந்தராஜ் வந்தார். ஒண்டிக்கடைச் சந்திப்பில் துணிக்கடை வைத்திருப்பவர். "புலவரே, மைக்குல நீங்கதான். உங்க பொண்ணு, உங்க தமிழு!" மறுத்தேன். அவர் போனபின் மகள் சொன்னாள்: "நீங்க பேசலீன்னா அவரே பேசுவாரு. அதக் கேக்கறதுக்கு நான் தண்ணிக்குள்ளயே இருந்துக்குவேன்."

ஐந்து மணித்துளி மட்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

11-5

உரை எழுதினேன். எட்டுப் பக்கம். எல்லாம் சரியாக இருக்கிறது. யாரோ எழுதியதுபோல் இருக்கிறது.

18-5, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

கரையெங்கும் கூட்டம். பந்தல் மேடையில் நான் ஒலிவாங்கியின் முன். பூவரிசைகளுக்கு அப்பால் படகுத்துறை எனக்குத் தெரியவில்லை. சிறப்பு விருந்தினராகச் சமவெளியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். "மலையின் மடியில் மண்டிக்கிடக்கும் மாணிக்க நீரே" என்று தொடங்கினேன். சொற்கள் தாமாக வந்தன. நான் எங்கோ இருந்தேன்.

அப்போது கூட்டத்தின் ஊடே கைமாறிக் கைமாறி ஒரு சீட்டு வந்தது. வாங்கினேன். பேச்சு நிற்கவில்லை. விரல்கள் மடித்தன. கை பைக்குள் போய்விட்டது. முன்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்.

கை பைக்குள்ளேயே நின்றது.

எடுத்தேன். பிரித்தேன். பென்சில் எழுத்து.

"அய்யா மூட்டய எறக்கிட்டாங்க. முன்னாடி நாக்காலி போட்டுப் பெரியவர உக்கார வெச்சுட்டாங்க. நாஞ் சொன்னாக் கேக்கல, உடனே எடுக்கச் சொல்றாங்க. பாப்பா தண்ணியில எறங்கிருச்சு. கிறிஸ்துதாஸ்."

விருந்தினர் என்றால் முன்னிருக்கை. யாருக்குத்தான் வேறு தோன்றும்? நானும் வாழ்நாளெல்லாம் அதில் அமர்ந்தவன்தானே. மணல் சாக்கு அவர் பார்வையில் படக்கூடாதென்று அகற்றியிருக்கிறார்கள். படகின் பொறி உறுமும் ஒலி கேட்டது. எட்டுப் பக்கத் தமிழில் ஒரு சொல்லும் அகப்படவில்லை.

"படக நிறுத்துங்க! எஞ்சின அமத்துங்க, கிறிஸ்துதாஸ்! முன்னாடி உக்காந்திருக்கறவங்க எறங்கோணும். யாரா இருந்தாலுஞ் சரி, எறங்குங்க. எம் பொண்ணு பின்னாடி இருக்கறா."

அந்த ஒலிபெருக்கியில், அந்தக் குரலில், அவ்வளவுதான் பேசினேன். பொறி நின்றது. பெரியவர் இறங்கினார். வண்டியேறிப் போய்விட்டார்.

நான் துறைக்கு ஓடினேன். கோவிந்தராஜ் தலையில் அடித்துக்கொண்டார்: "மானத்த வாங்கிட்டீங்களே புலவரே! பின்னாடி உக்காருங்கன்னு அவருகிட்ட யாரு சொல்றது?"

"அதான் மைக்குல சொல்லிட்டாருங்களே," என்றார் கிறிஸ்துதாஸ்.

சாக்குகள் எங்கே என்றேன். பந்தற்கால்களுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். எடுத்தால் பந்தல் சாயும். கிறிஸ்துதாஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா எத்தன கிலோ இருப்பீங்க?"

"எழுபத்தொன்று."

"பத்தாதுங்க." அவர் பார்வை கோவிந்தராஜின் வயிற்றில் போய் நின்றது.

"நானா? புது வேட்டிய்யா!"

"நூத்துக்குக் கொறையாதுங்க. ஏறுங்க."

இருவரும் ஏறி இடது பின்மூலையில் நெருங்கி அமர்ந்தோம். போதவில்லை. கிளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த காளியாயி என்ற பெண்மணி, "நகருங்க சாமி, நானும் இருக்கறேன்," என்று ஏறி எங்களை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. இடுப்பு வரை நனைந்தேன்.

பின்னோக்கி அமர்ந்திருந்ததால் எல்லாம் கண்டேன். அலை மெல்ல எழுந்தது. பச்சையாக, மடியாமல், அப்படியே நின்று கூடவே வந்தது. அதன்மேல் அவள். கயிற்றை எங்களிடம் வீசினாள். கோவிந்தராஜ் பிடிக்கப் பாய்ந்தார், படகு ஆடிற்று.

"அப்பா! அசையாதீங்க!"

அசையவில்லை. மூச்சுகூட விட்டேனா தெரியாது. ஏரியின் மறுகரை மரங்கள் வரும்வரை நின்றாள். முழுநேரமும் என்னைத்தான் பார்த்தாள். தாயின் புருவம் அவளுக்கு. இது எப்போதிருந்து?

மேடையில் ஒலிவாங்கி ஆளில்லாமல் இருந்திருக்கும். இத்தனை நேரமும் எனக்கு அது நினைவில்லை.

19-5

இட்டிலி. மூன்று. "உப்புக் கம்மியாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். ஒரு திங்களாகவே கம்மிதான் என்றேன். "அப்பவே சொல்றதுக்கென்னங்க?" என்று வைதாள்.

மைக்கூட்டை நகர்த்திச் சீட்டைப் பிரித்தேன். எட்டுச் சொற்கள். "துணைவியார் நிலை மோசம். சேலத்துக்கு உடனே புறப்படவும். வண்டி நிற்கிறது."

படிக்க நான்கு நொடி ஆயிற்று.

"என்னப்பா எழுதியிருக்கு?" என்றாள் ஞானசுந்தரி, அடுக்களையிலிருந்து. அவள் இருந்த இடத்துக்கே சென்று படித்துக் காட்டினேன். இருமுறை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

ஐந்து மணிக்கு அவள் பயிற்சிக்கு ஏரிக்குப் போகவேண்டும். பந்தலை இன்னும் பிரிக்கவில்லையாம். சாக்குகள் வந்து சேரவில்லை.