பருத்திக்கொட்டைக்கு அடியில் இருந்த அரிசி

அக்கா,

இன்று காலை என் மகன் வீட்டுப் பின்சந்தில் யாரோ மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை ஜன்னல் வழியாக வந்ததும் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். மருமகள் ஜன்னலைச் சாத்த வந்தாள். வேண்டாம் என்றேன். நீங்கள் உயிரோடு இருந்தபோதே நேரில் சொல்லியிருக்க வேண்டியதை, நீங்கள் போய் இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன்.

சேலத்தில், செவ்வாய்ப்பேட்டைக்குப் பின்னால் இருந்த நம் தெருவில், மாடு கட்டிய வீடு உங்களுடையது ஒன்றுதான். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வாழ வந்தவர் நீங்கள். கணவர் போன பிறகு பாலூற்றி ஒரே மகளை வளர்த்துப் பள்ளிபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தீர்கள். நானோ கான்வென்டில் படித்தவள், கலெக்டர் ஆபீஸ் உத்தியோகஸ்தரின் மனைவி. உங்கள் பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று தினமும் விரலில் தொட்டுப் பார்ப்பேன். "ஏனுங்க அம்மிணி, மாடு தண்ணி குடிக்காமயா பால் கறக்கும்?" என்று சிரிப்பீர்கள். அந்தத் தெருவில் என்னைக் கேலி செய்யத் துணிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனாலேயே உங்களை எனக்குப் பிடித்திருந்தது.

யுத்தம் முற்றி, அரிசிக்கு ரேஷன் வந்து, சேர்த்து வைப்பது பதுக்கல் என்று குற்றமான வருடம் அது. உங்கள் மகளுக்கு ஏழாம் மாதம். ஒருநாள் என்னை மாட்டுக்கொட்டகைக்கு அழைத்துப் போய், பருத்திக்கொட்டை வைத்திருந்த பெரிய மண் மொடாவுக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்துக் காட்டினீர்கள். கட்டுச்சோற்றுக்காக ஐந்து மாதமாக உங்கள் பங்கைக் குறைத்துச் சாப்பிட்டுச் சேர்த்தது. தாய் வீட்டார் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போய் விருந்து வைத்தால்தான் சம்பந்தி வீட்டில் பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு அனுப்புவார்கள்.

"நாப்பது இலைக்குப் பத்துமுங்களா? கணக்குப் படிச்சவிய, நீங்கதான் சொல்லோணும்."

படியால் அளந்து பார்த்துப் போதும் என்றேன். உங்கள் முகம் அன்று எப்படி மலர்ந்தது!

அதே மாதம்தான் திருச்சி வானொலி நிலையத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. போர்க்காலத்தில் இல்லத்தரசியின் கடமை என்று வீட்டிலிருக்கும் பெண்களுக்காகப் பேச வேண்டும். எழுதி அனுப்பினேன். நன்றாக இருக்கிறது, வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சேர்த்தால் இன்னும் நன்று என்று பதில் வந்தது. எங்கள் கான்வென்ட் சிஸ்டர், எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வது பொய் சொல்வதற்குச் சமம் என்பார். ஆகவே உண்மையானதையே எழுதினேன்: "மாட்டுத் தீவனத்துக்கு அடியில் மனிதர் உணவை ஒளித்து வைக்கும் தாய் ஒருத்தியை என் தெருவிலேயே அறிவேன்." எத்தனை முறை வாசித்துப் பார்த்தேன் தெரியுமா? அந்த வாக்கியத்தின் நயம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பெயர் சொல்லவில்லையே, அதுவே நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

திருச்சிக்குப் போய் ஒன்பது நிமிடம் பேசினேன். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை.

அந்த நேரத்தில் நம் ஊர்ப் பூங்காவில், நகராட்சி ரேடியோவுக்குக் கீழே என்ன நடந்தது என்பதை, மறுநாள் நான் ஊர் திரும்பியதும் எதிர்வீட்டு டெய்லர் மனைவி சொன்னாள். அன்று நீங்கள் சீக்கிரமே பால் கறந்துவிட்டு, வீடு வீடாகப் போய், "நம்ம அம்மிணி ரேடியோவுல பேசறாங்க, வாங்க, வாங்க" என்று தெருப் பெண்கள் அத்தனை பேரையும் திரட்டிக்கொண்டு போனீர்களாம். முன்வரிசையில் உட்கார்ந்து, பேசியவர்களையெல்லாம் அதட்டி அடக்கினீர்களாம்.

"அந்த மாட்டுத் தீவனம் வந்துச்சு பாருங்க," என்றாள் அவள், வாயைப் பொத்திச் சிரித்தபடி. "யாரோ ஒருத்தி, 'நம்ம தெருவுல எத்தனை மாடுடி இருக்கு?'ன்னா. எல்லாரும் பால்கார அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சோம். அது மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. நீங்க முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கவும் இல்லை."

அதற்கு அடுத்த நாள் காலை எப்போதும் போலப் பால் கொண்டுவந்தீர்கள். என்ன சொல்வீர்களோ என்று நான் முறைப்பாக நின்றேன். "உங்க குரல் கணீர்னு இருந்துச்சுங்க அம்மிணி," என்றீர்கள். அவ்வளவுதான். "பேர் சொல்லலையே," என்று, நீங்கள் கேட்காத கேள்விக்கு நான்தான் பதில் சொன்னேன். "ஆமாங்க, சொல்லலீங்க," என்று செம்பைக் கவிழ்த்துக் கொண்டு போனீர்கள்.

மதியமே ரேஷன் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். மொடாவைக் கவிழ்த்து அரிசியை அள்ளிக் கொண்டார்கள். நான் என் வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். "இந்தத் தெருவுல வேற யார் வீட்டுல அரிசி இருக்கு, சொல்லு," என்று அவர் அதட்டியது தெளிவாகக் கேட்டது.

என் வீட்டுப் பரணில் இரண்டு மூட்டை இருந்தது, அக்கா. என் கணவரின் நிலத்திலிருந்து வந்த அரிசி. வண்டிக்காரர் அதை ஏற்றியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நீங்கள். சொந்த நிலத்து விளைச்சல் பதுக்கல் ஆகாது என்று நான் உண்மையாகவே நம்பியிருந்தேன். பதுக்கல் என்பது அடுத்தவர் செய்வது.

"எனக்கென்னுங்க தெரியும் சாமி," என்றீர்கள். "பாலூத்திப்போட்டு வாரவ. அவங்கவங்க ஊட்டு வாசப்படியோட சரி."

நான்காம் நாள் விடியற்காலையில் கம்பஞ்சோறும் ராகிக்களியும் கட்டிக்கொண்டு பள்ளிபாளையம் புறப்பட்டீர்கள். என் வாசலைத் தாண்டித்தான் போனீர்கள். பரணிலிருந்து ஒரு மூட்டையை முந்தின நாளே இறக்கிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், வைத்திருந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். ரேடியோவில் பேசியவள் அல்லவா நான்? கதவைத் திறக்கவில்லை.

தனியாகத் திரும்பி வந்தீர்கள். சம்பந்தியம்மா பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி, "கம்பஞ்சோத்தக் கொண்டாந்து கூப்புடறீங்களே, எங்க ஊட்டு மருமவ என்ன, களை வெட்டவா வாரா?" என்றாராம். மகளை அனுப்பவில்லை. பிரசவத்துக்கும் உங்களை அழைக்கவில்லை. பேரன் பிறந்து பதினோரு நாள் கழித்து யாரோ சந்தைக்கு வந்தவர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகும் ஏழு வருடம் எனக்குப் பாலூற்றினீர்கள். விரலில் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஆனால் அதை மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்கவில்லை, அதுதான் உண்மை. என் கணவர் இருந்தவரை அவரிடமும் இதைச் சொன்னதில்லை. என் பேரப்பிள்ளைகள் நான் ரேடியோவில் பேசியதைப் பெருமையாகப் பிறரிடம் சொல்லும்போது, நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த இரண்டு மூட்டையும் எங்களுக்குத் தை மாதம் வரை வந்தது. பழைய அரிசி, பூப்போல உதிர்ந்த சோறு. ஒரு வேளைகூட நான் பட்டினி கிடக்கவில்லை, அக்கா. ஒவ்வொரு வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.